அப்புறம் அக்கா

அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது வீண். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்பார், ஆனால் வரமாட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை டஜன் வாழைப்பழத்தோடு அந்தப் பெண் வாழப்போன வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"எப்டிம்மா கீறே? உன் துணியெல்லாம் வெச்சிக்க எங்க எடம் குடுத்தாங்க?"

எங்கள் தெருவிலிருந்து வந்தவாசிக்கு வாழப்போன ஒரு பெண், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அழுதிருக்கிறாள். அவளுடைய புடவைகள் மூன்று மாதமாகக் கட்டிலுக்கடியில் பெட்டியிலேயே இருந்தன. அக்கா அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுடைய மாமியாரிடம் போய், "பீரோல ஒரு தட்டு காலி பண்ணுங்க, நான் காபி குடிச்சிட்டுப் போறதுக்குள்ள," என்றாராம். காலி பண்ணினார்கள். ஆரணிக்குத் திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோதும், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

யாராவது ஒரு சேதியைச் சொல்லி முடித்து, கேட்டவர்களெல்லாம் உச்சுக் கொட்டி நகரும் நேரத்தில் அவர் மட்டும் நின்று "அப்புறம்?" என்பார். ஓடிப்போன பெண்ணைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்கள் என்றால், அப்புறம்? அடிபட்டவரை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள் என்றால், அப்புறம்? சொன்னவருக்கு அதற்குமேல் தெரிந்திருக்காது. அதனால் எங்கள் பக்கத்தில் அவருக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. "பேஜார் அக்கான்னு வெக்காம வுட்டாங்களே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் இறந்து ஆறு வருடமாகிறது. சொந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவருடைய தம்பி குடும்பம் சங்கடப்படும். தம்பி விசைத்தறி வைத்திருந்தார். பட்டுப் புடவைக் குடும்பம்தான், ஆனால் அக்கா கட்டியது பாலியஸ்டர். துவைத்தால் உடனே காய்கிறது என்பார். கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து, தறியிலிருந்து எடுத்த பட்டு இழையால் சுற்றிக் கட்டியிருக்கும். வேலூரில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

எனக்கு அவர் நெருக்கமானது என் வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்தபோது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தோம். சாவுக்கு ஊரே வந்தது, அக்கா வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பி, நான் கடை ஷட்டரைத் தூக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாள் வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"கரண்ட் பில்லு மெசேஜ் யாரு போனுக்கு வருது?"

என் வீட்டுக்காரர் போனுக்கு. அந்த போன் அணைந்து பீரோவுக்குள் கிடந்தது. அன்றே மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம், பிறகு கேஸ் ஏஜென்சிக்கு, பிறகு வங்கிக்கு. ஒவ்வொரு இடத்திலும் என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கடையைத் திறந்தேன்.

அந்தக் கடைக்குத்தான், அடுத்த வருடம், ஒரு பட்டுப் புடவை அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கையால் எழுதிய தாள்கள். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டிருந்தார். நான் தட்டச்சு செய்ய வேண்டும்.

புத்தகம் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் எழுதியது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்த மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு அரபு நாடுகளின் பக்கம் போகும் பாய்மரப் படகுகளைத் துரத்திப் பிடிக்க, பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களை அனுப்பியிருக்கிறது. அப்படி ஒரு கப்பலில் இருந்தவர் இந்தக் கேப்டன். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு படகு. தூரத்தில் பாய் தெரியும், துரத்துவார்கள், துப்பாக்கி வெடிக்கும், படகு பிடிபடும். அடித்தட்டில் அடைத்து வைத்திருந்தவர்களை மேலே தூக்கி, தண்ணீரும் கஞ்சியும் கொடுத்து, படகைக் கொளுத்திவிட்டு, ஏதாவதொரு துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். அடுத்த அத்தியாயத்தில் அடுத்த பாய்.

எனக்குத் தட்டச்சு செய்யவே விறுவிறுப்பாக இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, நான் தட்டத் தட்டத் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். நான் ஓர் இடத்தில் 'மீட்கப்பட்டார்கள்' என்று அடித்தேன்.

"நான் அப்டி எழுதலியே."

"நீங்க 'இறக்கப்பட்டார்கள்'னு எழுதிகீறீங்க. மீட்புன்னாதானே அக்கா நல்லாக்கீது?"

"நகைய மீட்டா வூட்டுக்கு வரும். இவங்க எங்க வந்தாங்க? இறக்கிவுட்டாங்க. அவ்ளோதான் புத்தகத்துல கீது. அத்தயே அடி."

கேப்டனை அவர் திட்டியதில்லை. "கெட்டவன் இல்லம்மா. உசுரக் குடுத்துதான் புடிச்சிகீறான். காய்ச்சல்ல அவன் ஆளுங்களே எத்தினி பேரு செத்துகீறாங்க. ஆனா அவன் கதை கப்பல்லயே நின்னுடுது, பாரு," என்பார்.

கப்பலைத் தாண்டி என்ன ஆனது என்று என் கடைக் கணினியிலேயே தேடத் தொடங்கினார். ஏடன், பம்பாய், சீஷெல்ஸ் தீவு என்று இறக்கிவிட்ட இடங்களையெல்லாம் தேடினார். தீவுகளில் இறக்கியவர்களைச் சில வருட ஒப்பந்தம் என்று தோட்டக்காரர்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். பம்பாயில் இறக்கிய குழந்தைகளை வீட்டு வேலைக்கும் அநாதை விடுதிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் அடிக்குறிப்பாக எழுதினார். ஒரு படகில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். மாலுமிகள் அவளுக்கு பிஸ்கட் கொடுத்துப் பழக்குகிறார்கள். ஏடனில் இறக்கிய பிறகு புத்தகத்தில் அவள் இல்லை. அந்தச் சிறுமியை அக்கா இரண்டு வாரம் தேடினார். கிடைக்கவில்லை. 'இச்சிறுமி பின்னர் என்ன ஆனாள் என்று தெரியவில்லை' என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார்.

பதிப்பாளர் போனில் கேட்டது எனக்கே கேட்டது. "தெரியலன்னா எதுக்கு மேடம் அடிக்குறிப்பு?"

"தெரியலன்றது படிக்கறவங்களுக்குத் தெரியணும் இல்லிங்களா?"

பாதிப் புத்தகம் முடிந்திருந்த சமயம், செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. வேறொரு மாவட்டத்தில் செங்கல் சூளையிலிருந்து பதினொரு கொத்தடிமைகள் மீட்பு. தெள்ளார் பக்கத்து ஆட்கள், மூன்று குடும்பம். அதிகாரிகள் பின்னால் வரிசையாக நிற்க, பதினொரு பேரும் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் அதை அக்காவிடம் காட்டினேன். அவர் பார்த்தார், தாளை மடித்துப் புடவைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் மறந்துபோனேன்.

இருபத்தைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, "ஜல்தி கெளம்பு. தெள்ளாருக்குப் போவணும்," என்றார்.

வந்தவாசி போய் அங்கிருந்து இன்னொரு பேருந்து, பிறகு ஏரிக்கரையோரமாக நடை. நீலத் தார்ப்பாய் கட்டிய மூன்று குடிசை. எல்லம்மா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், எங்களைப் பார்த்ததும் இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். நாங்கள் ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"ஒக்காரும்மா. நாங்க யாரும் இல்ல. சும்மா பாக்க வந்தோம்," என்றார் அக்கா. "காலைல இன்னா சாப்ட்டீங்க?"

அவள் அணைந்து கிடந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். கூரை நிழலில் படுத்திருந்த ஒரு கிழவர், அவர்கள் பெருசு என்று கூப்பிட்டவர், சிரித்தார். "நல்லாத்தான் கேக்கறாங்க," என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் விட்டார்கள். ஆளுக்கு ஒரு பை அரிசி. விடுதலைச் சான்றிதழ் பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் சூளையில் வாங்கிய முன்பணக் கடன் செல்லாது என்று ஆகும். அதை வைத்துத்தான் ரேஷன் அட்டை, வீடு எல்லாம் கேட்க முடியும். அது இல்லாததால் சூளைக் கடன்காரர்கள் என்று உள்ளூரில் யாரும் இவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதற்குள் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி இரண்டு முறை வந்து போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். ஏறிக்கொள்வதாக மூன்று குடும்பமும் ஒப்புக்கொண்டிருந்தது.

"மறுபடியும் அங்கியா போறீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன்.

எல்லம்மா என்னை நேராகப் பார்த்தாள். "அங்க அடிப்பாங்கக்கா. ஆனா சோறு கீது. இங்க இன்னா கீது, நீயே பாரு."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். பிறகு எல்லம்மாவிடம், "வெள்ளிக்கெழம காலைல தானே? வியாழக்கெழமைக்குள்ள நான் வரேன். அதுவரிக்கும் இருங்க," என்றார். திரும்பும்போது வழியில் இருந்த கடையில் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் வாங்கி, கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

சான்றிதழ் தர வேண்டிய அலுவலகம் அந்த வேறு மாவட்டத்தில் இருந்தது. எது என்று சொல்ல வேண்டாம். அப்போது இருந்தவர்களும் இப்போது அங்கே இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணி பேருந்தில் அக்கா போனார். துணைக்கு நானும் போனேன்.

"அவங்கள மீட்டாச்சேம்மா. பேப்பர்லயே வந்துடுச்சே," என்றார் குமாஸ்தா.

"ஆமாங்க, பாத்தேன். சான்றிதழ் எப்ப வரும்?"

"ஃபைல் மேல போயிருக்கு."

"சரிங்க. வர்ற வரிக்கும் ஒக்காந்துகினு இருக்கறேன்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தாள்களை எடுத்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். சாயந்திரம் ஐந்து மணிக்கு எழுந்தார். செவ்வாய்க்கிழமையும் அதே பெஞ்ச். எழுதுவார், சரியான சொல்லுக்காகத் தலையை நிமிர்த்தி எதிரே இருக்கிற அறையை உற்றுப் பார்ப்பார், மறுபடி குனிந்து எழுதுவார். அவர் சொல்லைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் குமாஸ்தா வெளியே வந்தார்.

"யாருக்கு மேடம் எழுதறீங்க, ரெண்டு நாளா?"

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் எழுதனதுங்க. அடிமைங்கள இறக்கிவுட்டுட்டுப் போனாங்க இல்ல, அத்தப் பத்தி."

அவர் எதுவும் புரியாமல், ஆனால் பயந்துபோய், உள்ளே போனார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அக்கா ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை ஓர் இளம் பெண் அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டார். ஃபைல் மேலே போகவே இல்லை, ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பதினொரு சான்றிதழும் அக்கா கையில் இருந்தன. அந்த அதிகாரி ஜீப் ஒன்றையும் கூடவே அனுப்பினார். வெளிச்சம் இருக்கும்போதே ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு குடிசைதான் இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் கம்பு பிடுங்கிய நான்கு குழி.

"பெருசு குடும்பம் நேத்தே போயிடிச்சுக்கா," என்றாள் எல்லம்மா. "வேற லாரி வந்துது. பெருசுக்கு நெஞ்சு சளி. மருந்து வாங்கித் தரேன்னு சொல்லி ஏத்திகினு போய்ட்டாங்க. மவனும் மருமவளும் கூடவே போய்ட்டாங்க."

எட்டுப் பேருக்குச் சான்றிதழைக் கொடுத்தோம். எல்லம்மா அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் வந்த லாரி காலியாகத் திரும்பியது. எல்லம்மாவுக்கு அந்த வருடமே ரேஷன் அட்டை வந்தது, அதற்கடுத்த வருடம் வீட்டுமனை. இப்போது அவளுடைய மகள் ஏழாவது படிக்கிறாள். அக்காவுக்கு இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் அவர் கடைப் பக்கமே வரவில்லை. வந்தபோது பெட்டியின் மேல் அந்த மூன்று சான்றிதழ்கள் இருந்தன.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடு," என்றார். எடுத்தேன்.

அந்த அலுவலகத்துக்கு மறுபடி கடிதம் எழுதினார். ஜெராக்ஸையும் அனுப்பினார். அவர்கள் ஆள் அனுப்பி, மேஸ்திரி வழக்கமாக ஆள் சேர்க்கும் நான்கு சூளைகளிலும், குடும்பத் தலைவர் என்று சான்றிதழில் இருந்த கிழவரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கண்ணப்பன் என்ற பெயரில் யாரும் எந்தச் சூளையிலும் இல்லை என்று பதில் வந்தது. அக்கா மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். நான்கு சூளைக்கும் அவரே ஒருமுறை போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். புத்தகம் முடிந்தது. அடிக்குறிப்புகளையெல்லாம் பதிப்பாளர் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டார். அக்கா சண்டை போடவில்லை. அவர் மனம் அதில் இல்லை.

மழைக்காலத்தில் செங்கல் சூளை ஓடாது. முதல் மழை விழுந்த வாரம், எல்லம்மா யாரோ ஒருவர் போனிலிருந்து கடைக்குப் பேசினாள். பெருசும் மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே போனோம். கிழவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்து. ஐந்து மாதம் முன்னால் பார்த்த அக்காவை அவருக்கு ஞாபகம் இருந்தது. "சாப்ட்டியான்னு கேட்ட அம்மாதானே?" என்றார்.

அக்கா சான்றிதழை எடுத்து அவர் கையில் வைத்தார். "இனிமே யாரும் உங்கள இட்டுகினு போவ முடியாது. படிச்சிக் காட்டறேன், கேளுங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "கண்ணப்பன், தகப்பனார் பெயர்..."

"அது யாரும்மா?" என்றார் கிழவர்.

"நீங்கதான்."

"என் பேரு கன்னியப்பன்மா."

அக்கா படிப்பதை நிறுத்தினார்.

"அதான் அன்னிக்கு ஜீப்புல வந்தவங்க கேட்டப்ப நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல," என்றான் மகன். "கண்ணப்பன் கீறாரான்னு சூளைல கேட்டாங்க. இல்லன்னுட்டான் கணக்குப்புள்ள. நாங்க அங்கதான் கல்லு அறுத்துகினு இருந்தோம். வேற யாரையோ தேடறாங்கன்னு நெனச்சிகினோம்."

ஐந்து மாதம் அந்தத் தாள் அக்காவின் பெட்டியில் இருந்தது. நான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அவர் கடிதங்களில் அந்தப் பெயரை எத்தனை முறை எழுதியிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் எவ்வளவோ கேட்டவர், கிழவரிடம் பெயரைக் கேட்கவில்லை. எல்லோரும் பெருசு என்றார்கள், நாங்களும் பெருசு என்றே வைத்துக்கொண்டோம்.

அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சத்தம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழவருக்குத்தான் கஷ்டமாகிவிட்டது.

"வுடும்மா. அதே பேரு இருந்துட்டுப் போவட்டும். கண்ணப்பான்னு கூப்ட்டா வரேன்."

"அப்டி வரக்கூடாதுங்க," என்றார் அக்கா.

என்னிடம் பேனா வாங்கினார். கிழவரிடம் பெயரைச் சொல்லச் சொல்லி, மூன்று முறை கேட்டு, இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அவருடைய அப்பா பெயரையும், மகன், மருமகள் பெயரையும் கேட்டு அதற்குக் கீழே எழுதினார். பையில் தாள் இருந்ததை நான் சொல்லவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல், வியர்வையில் அழிந்துவிடும் என்று அந்தக் கையை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வரை வந்தார்.

திருத்தி வாங்க இன்னும் நான்கு முறை அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் கிடைத்தது. ஏரிக்கரையில் நல்ல மழை. எல்லம்மாவின் தார்ப்பாய்க்குள் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். இந்த முறை அக்கா முதலில் கிழவரிடம் கொடுக்கவில்லை. படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்றார். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்தி, அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"ஆமா. நான்தான்," என்றார்.